கப்பல் வீட்டுத் தேசிக்காய்

ஒக்டோபர் 12, சனி

வீட்டைப் படம் பிடிக்க ஏஜென்ற் டொமினிக் வந்தான். இங்கிலாந்தில் 1930களில் கட்டிய வெள்ளை வீடுகளை மட்டும் விற்கிற பிள்ளை. தட்டைக் கூரை, உருண்ட மூலை, இரும்புச் சட்டம் போட்ட யன்னல், மாடிப்படிக்குப் பக்கத்தில் கப்பலில் இருப்பதுபோல் ஒரு வட்ட யன்னல் என்று ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரு பெயர் இருக்கிறது. "ஆர்ட் டெகோ" என்று சொல்லும்போது கோயில் வாசலில் நிற்கிற முகம். எனக்கு இது கப்பல் வீடு. வந்த நாளிலிருந்து அப்படித்தான் சொல்கிறேன்.

சாமிப் படங்களைக் கொஞ்ச நேரம் எடுத்து வைக்கலாமா என்று கேட்டான். வைத்தேன். சமையல் மணம் போக யன்னல்களைத் திறக்கச் சொன்னான். குசினி யன்னல் திறந்தது. கடல் பக்கத்து யன்னல் திறக்கவில்லை. போன மாதம் திறந்த யன்னல். இவர் தோளால் தள்ளிப் பார்த்துவிட்டு, "இரும்பெல்லே, குளிருக்குச் சுருங்கிப்போச்சு" என்றார். சுருங்கினால் லேசாகத் திறக்க வேண்டாமா? கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. வெளி ஆட்கள் முன்னால் புருசனை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

டொமினிக் வருமுன்பே இவர் கிழக்கு அறையில் அலுமாரியை இழுத்து மற்றச் சுவரோடு வைத்துவிட்டார். அந்தச் சுவரில் ஒரு வெடிப்பு இருக்கிறது. பெயின்ற் வெடிப்பாம். நானும் அப்படியே எழுதி வைக்கிறேன்: பெயின்ற் வெடிப்பு.

ஒக்டோபர் 15

நல்ல வெயில். வளவின் கரைவரை நடந்து பார்க்கலாம் என்று சப்பாத்தைப் போட்டேன். பிறகு கழற்றிவிட்டேன்.

இந்த வீடு இவருடைய ஆசை. இளவயதில் கொழும்பில் வேலை செய்தபோது வெள்ளவத்தையில் இதேபோல் வட்ட யன்னல் வைத்த ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தாராம். முன் கேற்றால் வரக்கூடாது என்பது வீட்டுக்காரரின் சட்டம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, விற்பனைக்கு வருகிற இப்படியான வீடுகளைக் கணினியில் பார்க்கத் தொடங்கினார். எல்லாம் எங்கள் கைக்கு எட்டாதவை. இது ஒன்றுதான் எட்டியது. ஏன் எட்டியது என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

சாத்திரம் மட்டும் பார்த்தோம். கிழக்கே தண்ணீர், வளவு வடகிழக்கே சரிவு, வாசலில் காலைவெயில். இவர் திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளைபோல் நின்றார். தண்ணீர் எவ்வளவு கிட்ட இருக்கலாம் என்று மனையடி சாத்திரத்தில் இல்லை. இருந்திருந்தால் அதையும் பார்த்திருப்போம்.

கடல் கிட்ட வருகிறது. எழுதிவிட்டேன். எங்கள் கரை மண் கரை. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கீழே போகிறது. பக்கத்து வீட்டு மோரீன் போன குளிர்காலம் பின்வளவை இழந்தாள். கவுன்சில் ஆட்கள் வந்து அவளை வெளியேற்றி, வீட்டையும் இடித்து லொறியில் ஏற்றிப் போனார்கள். தேத்தண்ணிக் கேத்திலை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள் பாவம். இப்போது அந்தப் பக்கம் வெறும் புல்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இவருக்கு இல்லையாம். விற்ற பிறகுதான் வெளிக்கிடுவாராம். உள்ளதெல்லாம் இந்தச் சுவருக்குள் போட்டாகிவிட்டது, விட்டுவிட்டு எப்படிப் போவது என்கிறார்.

ஒக்டோபர் 25, வெள்ளி

துர்க்கைக்கு விளக்கேற்றத் தேசிக்காய் வெட்டினேன். ஒன்று கை தவறி விழுந்தது. விழுந்த காய் நிற்கவில்லை. குசினியைத் தாண்டி, சாப்பாட்டு மேசைக்குக் கீழால் போய், பெரிய அறையின் நீளத்துக்கும் உருண்டு, கடல் பக்கத்து வளைந்த யன்னலுக்குக் கீழே போய் முட்டிக்கொண்டு நின்றது. எடுத்து வந்து இன்னொரு தரம் வைத்தேன். இன்னொரு தரமும் போனது. அவசரமில்லாமல், தெரிந்த வழியில் போகிறமாதிரிப் போனது.

விளக்கேற்ற மறந்துபோனேன்.

ஒக்டோபர் 26

"தரை பழசு. பலகை தேய்ஞ்சிருக்கும்" என்றார் இவர்.

"எல்லாப் பலகையும் கடல் பக்கமாத்தான் தேயுமோ?"

"நீர் சும்மா பயப்பிடுறீர். பயப்பிடுற ஆளுக்குத் தேசிக்காயும் பேயாத்தான் தெரியும்."

பேயாக இருந்தால் எனக்கு நிம்மதி. பேய்க்கு ஐயரைக் கூப்பிடலாம்.

நவம்பர் 2, சனி

வீடு பார்க்க முதல் ஆட்கள். வெள்ளைக்காரத் தம்பதி, இருவருக்கும் ஒரேமாதிரி வட்டக் கண்ணாடி. மாடிப்படிக் கைபிடியைத் தடவினார்கள். வட்ட யன்னலுக்கு முன்னால் நின்று ஒருவரை ஒருவர் படம் எடுத்தார்கள். இப்படியான வீட்டைக் காணவே வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகப் போகிறார்களாம். வீட்டைப் பார்க்க வருகிற எல்லாரும் வீட்டை வாங்க வருகிறவர்கள் இல்லை என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனாலும் அந்தப் பெண் கட்டில் எங்கே போடலாம் என்று பார்க்கத் தொடங்கினாள்.

தேத்தண்ணி கொண்டுபோகும்போது தட்டிலிருந்து ஒரு தேசிக்காய் விழுந்துவிட்டது. நேரே யன்னலுக்குப் போனது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தேத்தண்ணித் தட்டில் தேசிக்காய் எதற்கு என்று இவர் கேட்டார். இஞ்சித் தேத்தண்ணிக்குப் பிழிய என்றேன். பால் தேத்தண்ணிதான் போட்டிருந்தேன்.

நவம்பர் 9

இன்னொரு தம்பதி. இன்றும் கை தவறிவிட்டது. வயது போகிறது, என்ன செய்ய.

நவம்பர் 12

இவர் கடைக்குப் போகுமுன் சொன்னது: "இனி இந்த வீட்டுக்குத் தேசிக்காய் வேண்டத் தேவையில்லை." இருந்தவற்றையும் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். மீன் பொரியலுக்கு வினாகிரி விட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. 

நவம்பர் 14

உடுப்பு காயப்போடும் கம்பத்தைக் காணவில்லை. நேற்று மத்தியானம் இவருடைய வேட்டியும் என் இரண்டு சட்டைகளும் அதில் கிடந்தன. இன்று காலையில் யன்னல் சீலையை விலக்கினால் கம்பம் இல்லை, அது நின்ற இடமும் இல்லை. புல் முடிகிற இடத்தில் வானம் தொடங்குகிறது.

கத்தினேன். என் குரல் என்று எனக்கே தெரியாத சத்தமாக இருந்தது. இவர் வந்து பார்த்தார்.  பிறகு, "நல்ல வேட்டி அது" என்றார்.

நவம்பர் 18

கவுன்சிலிலிருந்து ஒருவர் வந்தார். கோட்டில் மழைத்தண்ணி சொட்டச் சொட்ட வளவைச் சுற்றி நடந்தார். இந்த வீடு இன்னும் சில வருடம் நிற்கலாம், இந்தக் குளிர்காலமே போகவும் போகலாம், சொல்ல முடியாது என்றார். சீலை கிழிகிறமாதிரி ஒரு சத்தம் கேட்டால் எதையும் எடுக்க நிற்காமல் ரோட்டுப் பக்கமாக ஓடச் சொன்னார். இவர் அவருக்கு வடை கொடுத்து, கடலுக்குக் கல் போடுகிற திட்டம் எப்போது என்று கேட்டார். அப்படி ஒரு திட்டம் இல்லை என்றார் அவர். வடை நன்றாக இருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாச் சத்தமும் சீலை கிழிகிற சத்தமாகவே கேட்கிறது. இவர் பேப்பர் புரட்டினாலும் எழும்பி நிற்கிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

மகள் கௌசலா லெஸ்டரிலிருந்து போன் எடுத்தாள். "அம்மா, நீங்கள் ரெண்டு பேரும் வெளிக்கிட்டு இஞ்சை வாங்கோ. வீடு கிடக்கட்டும்." போனை இவரிடம் கொடுத்தேன். "விக்கட்டும் பிள்ளை, வாறம்" என்றார். பிறகு மழையைப் பற்றிக் கதைத்தார்.

பெட்டியைத் தூசி தட்டினேன். வெறும் பெட்டியை மூடிவைப்பது நல்லதில்லை என்று நாலு சேலையும் இவருடைய மருந்துகளும் பாஸ்போட்டும் உள்ளே வைத்தேன். தூசி தட்டியதுதான், வேறொன்றுமில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

எங்கள் ஆட்கள் வந்தார்கள். பிரதாபனும் நிரோஜாவும், ஹரோவில் இருக்கிறார்கள். கைக்குழந்தை இயலினி இப்போதுதான் தவழத் தொடங்கியிருக்கிறாள். வந்ததும் என் காலைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தாள். தூக்கினேன். பால் மணம்.

நிரோஜா வளைந்த யன்னலுக்கு முன்னால் நின்று, "அலைச் சத்தம் கேட்டுக்கொண்டே படுக்கலாம், என்ன அன்ரி?" என்றாள்.

கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன் பிள்ளை என்று சொல்லத்தான் நினைத்தேன். இவர் எனக்குப் பக்கத்திலேயே நின்றார்.  நாற்பது வருடப் பழக்கம் வாயைக் கட்டிவிடுகிறது. வீட்டில் தேசிக்காயும் இல்லை.

"பக்கத்திலை ஒரு வீடு இருந்ததுபோலை கிடக்கு, அங்கிள்?" என்று பிரதாபன் கேட்டான்.

"பழைய வீடு. இடிச்சுப் போட்டினம். கவுன்சில் கடலுக்குக் கல் போடப்போகுது தம்பி, பிறகு ஒரு பயமும் இல்லை."

பொய் சொல்லும்போது இவருடைய காது சிவக்கும். சிவந்தது.

வங்கிக் கடன் இல்லையாம். அண்ணன்மார் சேர்ந்து கைக்காசு போடுகிறார்களாம். கட்டிடம் பார்க்கிற ஆளைக் கூட்டிவந்து காட்டவில்லையா என்று நான் கேட்டேன். அவ்வளவுதான் என்னால் கேட்க முடிந்தது.

"அது என்னத்துக்கு அன்ரி? தெரியாத ஆக்களிட்டை வாங்கினாத்தானே பயம். நீங்கள் எங்கட ஆக்களெல்லே" என்றான் பிரதாபன்.

அவர்கள் போனபின் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

டிசம்பர் 6

இவரோடு சண்டை.

"அந்தப் பிள்ளை தவழுது. நீங்கள் கண்டனீங்கள்தானே?"

"அதுகள் சின்ன ஆக்கள், உழைக்குங்கள். எங்களுக்கு இனி என்ன இருக்கு? லெஸ்டரிலை மருமகன்ரை வீட்டிலை பின்னறையிலை இருக்கச் சொல்லுறீரோ?"

பின்னறை என்ற சொல்லில் குரல் உடைந்தது. எனக்கு இவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கக் கஷ்டமாக இருக்கிறது.

16ஆம் திகதி திங்கள் மார்கழி பிறக்கிறது. மார்கழியில் கொடுக்கல் வாங்கல் ஆகாது. அதனால் அதற்கு முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரத்தில் பிரதாபன் அச்சவாரம் கொண்டு வருகிறான். தை பிறந்ததும் அவர்கள் பால் காய்ச்சிக் குடிபூருவார்கள். மார்கழி முழுவதும் நாங்கள் இதற்குள்ளேயே இருக்கவேண்டும்.

டிசம்பர் 10

கிழக்கு அறை அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே இப்போது என் கை போகிறது. இவர் சுவரோடு ஒட்டி வைத்த அலுமாரி. கையை விட்டேன். குளிர்காற்று வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

 

காலையிலேயே வந்துவிட்டார்கள். நிரோஜா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தோடம்பழம், அப்பிள், அச்சவாரக் கவர். தட்டின் நடுவில், குங்குமம் வைத்து, பச்சையாக ஒரு தேசிக்காய். இவர் குப்பையில் போட்டதெல்லாம் வீண். எங்கள் ஆட்கள் தேசிக்காய் இல்லாமல் ஒரு தட்டும் எடுத்து வரமாட்டார்கள். இவர் அதைக் கண்டார். என்னையும் பார்த்தார்.

"நான் வாங்கிறன்" என்று கையை நீட்டினார்.

"ரெண்டு பேருமாச் சேர்ந்து வாங்குங்கோ, அதுதான் முறை" என்றாள் நிரோஜா.

சேர்ந்து வாங்கினோம். தட்டு பாரமாக இருந்தது. என் பக்கம் கொஞ்சம் சரிந்துவிட்டது.

தேசிக்காய் முதலில் போனது. அதன் பின்னால் தோடம்பழங்கள், பிறகு அப்பிள்கள். ஒன்றும் இந்தப் பக்கம் வரவில்லை, ஒன்றும் அந்தப் பக்கம் விலகவில்லை. எல்லாம் வரிசையாக, பெரிய அறையின் நீளத்துக்கும், கடலைப் பார்த்துப் போயின. பிரதாபன் குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். இயலினிக்கு ஒரே சந்தோசம். கையைத் தட்டிச் சிரித்துக்கொண்டு பழங்களுக்குப் பின்னால் தவழத் தொடங்கினாள். தரையும் அவளுக்கு உதவி செய்தது. அவ்வளவு வேகமாக ஒரு குழந்தை தவழ்ந்து நான் கண்டதில்லை.

யன்னலடியில் ஏதோ டிக் என்றது.

"பிள்ளையைப் பிடியுங்கோ! அங்காலை விடாதேங்கோ, பிள்ளையைப் பிடியுங்கோ!"

கத்தியது நான் என்றுதான் முதலில் நினைத்தேன். கத்தியது இவர். கத்திக்கொண்டே போனார். அறையின் நடுவால் போகவில்லை. சுவர் ஓரமாக, சுவரைப் பிடித்துப் பிடித்து, எந்தப் பலகையில் கால் வைக்கலாம், எதில் வைக்கக்கூடாது என்று தெரிந்தவர்போல் போனார். நான் தூங்குகிற நேரங்களில் இவர் அந்த இடத்தை எத்தனை தரம் நடந்து பார்த்திருக்க வேண்டும்? குழந்தையை அள்ளி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அதே ஓரத்தால் திரும்பி வந்தார். 

குழந்தையை நிரோஜாவிடம் கொடுத்தார். கவரைத் தேடி எடுத்துப் பிரதாபனின் கையில் வைத்தார்.

"கொண்டு போங்கோ தம்பி. கல்லும் போடமாட்டினம், ஒண்டும் போடமாட்டினம். இந்த வீடு வேண்டாம்."

பிரதாபன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நிரோஜா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதமாட்டேன்.

தேசிக்காய் இன்னும் யன்னலுக்குக் கீழேதான் கிடக்கிறது. எடுக்க ஒருவரும் போகவில்லை.

டிசம்பர் 16, திங்கள். மார்கழி முதல் நாள்

இனி விற்க முடியாது என்று இவருக்கும் தெரியும். போவோம் என்றேன்.

"மார்கழியிலை ஆராவது வீடு மாறுவினமே? தை பிறக்கட்டும்."

"தை பிறக்கேக்கை வீடு இருக்குமோ?"

 எனக்கும் மார்கழியில் குடிபெயரப் பயம்தான். இருக்கவும் பயம். எந்தப் பயம் பெரியது என்று தெரியாமல் அரிசி களைந்து உலை வைத்தேன்.

டிசம்பர் 18

வார இறுதியில் பெரிய புயல் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். வாசல் கதவு தானாகத் திறக்கிறது. கதிரையை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம். இவர் சாப்பிடவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

காலையில் கடைக்குப் போய் ஒரு பை தேசிக்காய் வாங்கி வந்தேன். இவர் கண்டார். தூசி தட்டிய பெட்டியை எடுத்துக் காரில் வைத்தேன். சாமிப் படங்களை வைத்தேன். பின் இருக்கையில் இவருடைய தலையணையை வைத்தேன்.

"இஞ்சருங்கோ, நான் லெஸ்டருக்குப் போறன். நீங்கள் தை பிறந்தாப்பிறகு வாறதெண்டால் வாங்கோ."

இவரிடம் இப்படி ஒரு வசனம் நான் சொன்னதே இல்லை. 

நிறைய நேரத்துக்குப் பிறகு சப்பாத்து போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "கூடாத மாதத்திலை போறம். சில்லுக்குத் தேசிக்காயாவது வையும்" என்றார்.

கார் நிற்கிற இடம் ரோட்டுப் பக்கம். அந்தப் பக்கம் ஒரு நாளும் சரிவு இருந்ததில்லை. கற்பூரம் காட்டிவிட்டு முன் சில்லுக்கு அடியில் ஒரு தேசிக்காய் வைத்தேன். கையை எடுத்தேன். அது கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு காருக்கு அடியால் பின்பக்கம் போய், வாசல் படியைத் தாண்டி, வீட்டின் உருண்ட மூலையைச் சுற்றி, கடல் பக்கமாகப் போய்விட்டது. இன்னொன்று எடுக்கப் பைக்குள் கையை விட்டேன்.

"விடும்" என்றார். "ஏறும். ஏறும், கெதியா ஏறும்."

திறப்பை வாசல் கதவிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். முன் கேற்றால்தான் வெளியே வந்தோம். இவர் கேற்றைச் சாத்தவில்லை.

டிசம்பர் 23, லெஸ்டர்

டொமினிக் போன் எடுத்தான். சனிக்கிழமை மத்தியானம் வளைந்த யன்னலும் பெரிய அறையும் போய்விட்டனவாம். மாடிப்படியும் வட்ட யன்னலும் மட்டும் நிற்கின்றனவாம். அழுகிற குரலில் சொன்னான். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று கடைசியில்தான் கேட்டான், பாவம், நல்ல பிள்ளை.

இவர் போனை வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். இவருடைய கை சில்லிட்டிருந்தது.

டிசம்பர் 27

கௌசலா கேட்டாள்: "அம்மா, உங்களுக்குக் கை நடுங்கி எல்லாம் கீழை விழுதாம், அப்பா சொன்னார். டொக்டரிட்டைக் காட்டுவமோ?"

இங்கு வந்தபிறகு என் கையிலிருந்து ஒன்றும் விழவில்லை. மருந்தில்லாமலே சுகம் என்றேன். இவர் பேப்பருக்குப் பின்னால் இருமினார்.

பின்னேரம் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். வாசலில் நின்றுவிட்டேன். உள்ளே இவர் குனிந்து, என் பையிலிருந்த ஒரு தேசிக்காயைத் தரையின் நடுவில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார். அசையவில்லை. யன்னல் பக்கமாக வைத்துப் பார்த்தார்.

நான் சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன். தேத்தண்ணி பிறகு குடிக்கலாம்.